சென்னை – யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டர்

இரண்டு ஊர்களுக்கு இடையே விமானத் தூரம் கண்டுபிடிக்க வழக்கமாகக் கோள முக்கோணவியல் வேண்டும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அது தேவையே இல்லை. இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கே 80 டிகிரியை ஒட்டி, ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக இருக்கின்றன. மீனம்பாக்கம் விமான நிலையம் வடக்கே 12 டிகிரி 59 கலை (மினிட்). யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 9 டிகிரி 47 கலை. கழித்தால் 3 டிகிரி 12 கலை. ஒரு டிகிரிக்கு 60 கலை என்பதால் மொத்தம் 192 கலை. அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல் நகர்ந்ததாக அர்த்தம். கடல் மைலுக்கு அந்த அளவு வந்ததே அப்படித்தான். ஆக 192 கடல் மைல். ஒரு கடல் மைலுக்கு 1,852 மீட்டர் என்று பெருக்கினால் சுமார் 355 கிலோமீட்டர். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே போட்டு முடித்துவிடலாம்.

இந்த 355ஐ மற்ற ஊர்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் திகைப்பு வருகிறது. மீனம்பாக்கத்தில் இருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் 415 கிலோமீட்டருக்கு மேல். கோயம்புத்தூரும் 400ஐத் தாண்டும். மதுரையும் யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. மதுரைக்குத் தெற்கே இறங்குவதோடு மேற்கேயும் ஒதுங்க வேண்டும், யாழ்ப்பாணத்துக்கு அந்த ஒதுங்கல் இல்லை. சென்னைக்காரருக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கூகுள் வரைபடத்தைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 290 கிலோமீட்டர். சொந்த நாட்டின் தலைநகரத்துக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சென்னைக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மனைவியின் ஊர் சுன்னாகம், பலாலியில் இருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணமான நாளில் இருந்து இந்த 355 கிலோமீட்டர் எங்கள் வீட்டு விஷயமாகிவிட்டது. தூரம் மாறவே இல்லை. ஆனால் அதைக் கடக்க எடுக்கும் நேரம் ஆறு மணி நேரமாகவும் இருந்திருக்கிறது, ஒரு முழு நாளாகவும் இருந்திருக்கிறது, போகவே முடியாத மாதங்களும் இருந்திருக்கின்றன. இதை நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்பவர்கள் சொல்லட்டும். போய்ச் சேரும் நேரத்தைத் தீர்மானிப்பது ஓடுபாதையின் நீளமும், எந்த ரக விமானம் என்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக யார் அனுமதி கொடுக்கிறார்கள் என்பதும்தான்.

முதலில் விமானம். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72, இரண்டு காற்றாடி வைத்த, எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பேர் உட்காரும் சிறிய விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள். மிச்ச நேரம் எங்கே போகிறது? கால அட்டவணையில் அச்சடிப்பது வானத்தில் இருக்கும் நேரத்தை இல்லை. புறப்படும் ஊரில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியில் இருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் வரிசையில் நிற்கும் பெரிய ஜெட்டுகளுக்கு வழி விடுவது, மெதுவாக மேலே ஏறுவது, சென்னை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கை மாறுவது, பிறகு இறங்குவதற்கான சுற்று எல்லாம் அதற்குள் அடக்கம்.

2025 மார்ச் 30 அன்று இண்டிகோ திருச்சியில் இருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கியபோது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. திருச்சி – பலாலி நேர்கோட்டில் 185 கிலோமீட்டர்தான், சென்னைத் தூரத்தில் ஏறக்குறைய பாதி. ஆனால் அட்டவணையில் பயண நேரம் சுமார் ஒரு மணி. தூரம் பாதியானதற்கு நேரத்தில் மிச்சம் ஒரு கால் மணி நேரம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஊர்வதற்கும் ஆகும் நேரம் எவ்வளவு பக்கத்து ஊராக இருந்தாலும் குறையாது.

பெரிய ஜெட் விட்டால் சீக்கிரம் போகலாமே என்று கேட்கலாம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,650 மீட்டருக்கு மேல். பலாலியில் 2019இல் சர்வதேச விமானங்களுக்காகச் சீர்செய்யப்பட்டது சுமார் 1,400 மீட்டர். ஏடிஆர் முழு எடையோடு கிளம்ப ஏறக்குறைய 1,300 மீட்டர் கேட்கும். அதுவும் குளிர்ந்த காற்றில், கடல் மட்டத்தில் போட்ட கணக்கு. வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குத் தாங்கல் குறையும், எஞ்சினுக்கும் வலு குறையும். அப்போது ஓடுபாதையை நீட்ட முடியாது, எடையைத்தான் குறைக்க முடியும். மாமி நல்லெண்ணெயும் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டிக் கொடுக்கும்போது பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இது பாரமோ தம்பி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அந்தக் கேள்விக்கான விடை பலாலி ஓடுபாதையில் இருக்கிறது.

அந்த ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிந்து, நாடுகள் விடுதலை அடைந்த நேரத்தில், 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியது. டகோட்டா விமானம். எங்கிருந்து எங்கே தெரியுமா? கொழும்பின் இரத்மலானையில் இருந்து, காங்கேசன்துறை என்று அப்போது சொல்லப்பட்ட இதே பலாலி வழியாக, மெட்ராஸுக்கு. இலங்கையின் விமான நிறுவனம் பறந்த முதல் தடமே இதுதான். லண்டனும் சிங்கப்பூரும் பின்னால் வந்தவை.

மாமி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய பெரியண்ணன் சென்னையில் படித்தாராம். "அந்த நாளையிலை பலாலியிலை ஏறினால் மத்தியானச் சாப்பாடு மெட்ராசிலை, தம்பி. அண்ணை லீவுக்கு வரேக்கை பிளேனிலைதான் வருவார்" என்பார். காசு குறைந்தவர்கள் கப்பலில் வந்தார்கள். எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் பிடித்து, மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு கப்பல் இராமேசுவரத்தில் இருந்து ஓடியது. 1980களில் அதுவும் நின்றது. ஏர் சிலோன் அதற்கு முன்பே, 1970களின் இறுதியில், மூடப்பட்டுவிட்டது. 1983க்குப் பிறகு வந்தது போர்.

போர்க்காலத்தில் பலாலி முழுக்க முழுக்க ராணுவத் தளம். பொதுமக்கள் ஏறக்கூடிய விமானம் கொழும்புக்கு மட்டும் இருந்தது, அதுவும் இருந்தும் இல்லாமலும். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியில் இருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். கொழும்பில் இருந்து வரும் யாழ்தேவி ரயில் 1990இல் நின்றது; யாழ்ப்பாணம் நிலையத்துக்கு அது மறுபடி வந்தது 2014 அக்டோபரில். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 சாலை 2002 போர் நிறுத்தத்தில் திறந்து, 2006 ஆகஸ்டில் முகமாலையில் மூடி, போர் முடிந்த பிறகுதான் திரும்பத் திறந்தது. மூடியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியே வரக் கப்பலில் திருகோணமலைக்குப் போக இடம் கேட்டு மக்கள் காத்துக் கிடந்தார்கள். என் மனைவி அந்தக் காத்திருப்பைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். நானும் கேட்டதில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பயண நேரம் கணக்குப் போடுபவர்களுக்கு முக்கியமானது. இன்று இந்தியாவும் இலங்கையும் ஒரே கடிகாரம். 1996 முதல் 2006 வரை அப்படி இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1996 மே மாதம் கொழும்பு அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, அதே அக்டோபரில் அதை அரை மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அதனால் ஒரே நாட்டுக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறியது. வன்னிக் கடிகாரமும் சென்னைக் கடிகாரமும் ஒன்றாக இருந்தன.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பல வருடம் வழி ஒன்றுதான்: சென்னை – கொழும்பு விமானம், அப்புறம் இரவு பஸ். வரைபடத்தில் இதைப் பார்த்தால் வயிறு எரியும். யாழ்ப்பாணம் சென்னைக்கு நேர் தெற்கே. கட்டுநாயக்க அதற்கும் தெற்கே. விமானம் யாழ்ப்பாணத்தைத் தாண்டி, சென்னையில் இருந்து ஏறக்குறைய 650 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய் இறக்கும். அங்கிருந்து சாலை வழியாக 350 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பி வர வேண்டும். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் மீனம்பாக்கத்தில் மூன்று மணி நேரம், கட்டுநாயக்கவில் குடிவரவு வரிசை, பஸ் புறப்படும் வரை காத்திருப்பு, பிறகு விடிய விடிய பஸ். வீட்டில் இருந்து வீட்டுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாது. நல்ல காரியத்துக்குப் போகும்போது அதுகூடப் பெரிதாகத் தெரியாது.

2016இல் என் மனைவியின் அம்மம்மா இறந்தபோது தெரிந்தது. இரவு பதினொரு மணிக்குப் பக்கம் போன் வந்தது. அடுத்ததாக வந்த போன் மாமாவிடம் இருந்து: "பிள்ளை, எத்தினை மணிக்கு வந்து சேருவியள்? அதைப் பார்த்துத்தான் எடுக்கிற நேரம் சொல்லவேணும்." யாழ்ப்பாணத்தில் இழவு வீட்டில் நேரம் குறிக்கும்போது முதலில் கேட்கும் கேள்வி அதுதான். கனடாவில் ஒருவர், லண்டனில் ஒருவர், பிரான்சில் ஒருவர் என்று பிள்ளைகள் இருக்கும் வீடுகள். யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று கூட்டிக் கழித்துத்தான் நேரம் வைப்பார்கள். லண்டன்காரரால் வர முடியாது என்பது எல்லோருக்கும் உடனே புரிந்தது. எங்களை நினைத்து எல்லோரும் நம்பிக்கையோடு இருந்தார்கள், ஏனென்றால் நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம்.

எங்களுக்குக் கிடைத்த விமானம் மறுநாள் காலை கொழும்புக்கு. கட்டுநாயக்கவில் இறங்கி வெளியே வந்தபோது மதியம் பன்னிரண்டரை. வேன் பிடித்துப் புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று விரட்டினாலும் ஏழு மணி நேரம். மறுநாள் வரை வைத்திருக்கலாமா என்று மாமா கேட்டுப் பார்த்தார். மறுநாள் நாள் சரியில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தார்கள். அப்போது நாங்கள் அநுராதபுரத்தைக்கூடத் தொடவில்லை. சுன்னாகம் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி முடித்து, முற்றத்துப் பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மனைவி யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக அம்மம்மா படுத்திருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

அன்று காலை எங்கள் விமானம் மீனம்பாக்கத்தில் இருந்து கொழும்புக்குப் போகாமல் பலாலிக்குப் போயிருந்தால் மதியத்துக்கு முன் வீட்டில் இருந்திருப்போம். 355 கிலோமீட்டர். அதே தூரம்.

இப்படி அனுபவிப்பவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு தோஹா – துபாய் கதை தெரியும். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே 380 கிலோமீட்டர் இருக்கும், ஒரு மணி நேரப் பயணம், நாள் முழுக்க விமானம் போய்க்கொண்டிருந்தது. 2017 ஜூனில் கத்தாரோடு அண்டை நாடுகள் உறவை முறித்தன. நேர் விமானம் அத்தனையும் ஒரே நாளில் நின்றது. தோஹாவில் அண்ணன், துபாயில் தம்பி என்று இருந்த குடும்பங்கள் மஸ்கட் வழியாகவோ குவைத் வழியாகவோ சுற்றினார்கள். 2021 ஜனவரியில் சமாதானம் வந்த பிறகுதான் மறுபடி ஒரு மணி நேரம். அங்கே மூன்றரை வருடம். யாழ்ப்பாணத்துக்கு ஒரு தலைமுறைக்கு மேல்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11இல் அலையன்ஸ் ஏர் சென்னையில் இருந்து பறக்கத் தொடங்கியது. சேதி வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம், உண்மையாகவே. நான்கு மாதம் ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்தியது. அந்த நாட்களில் எல்லாத் தடங்களும் நின்றன. ஆனால் கொழும்பு திறந்த பிறகும் பலாலி திறக்கவில்லை. 2022 டிசம்பர் 12இல்தான் மறுபடி விமானம் வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சேர்ந்தது. நடுவில் 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் தொடங்கியது, நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. கடலில் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் கடல் விடாது.

மழைக்காலத்தில் விமானமும் எப்போதும் விடாது. வடகிழக்குப் பருவமழை சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும். ஒரு கார்த்திகை மாதத்தில் பலாலிக்கு மேலே வரை போய், மேகத்துக்குள் சுற்றி, இறங்க முடியாமல் மீனம்பாக்கத்துக்கே திரும்பினோம். விமானி எடுத்த முடிவு சரியானது. குறுகிய ஈரமான ஓடுபாதையில் யாரும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. ஆனால் அடுத்த விமானத்தில் இடம் எப்போது என்பதுதான் கவலை. நாளெல்லாம் விமானம் இருக்கும் தடத்தில் ஒன்று போனால் அடுத்தது. இங்கே அடுத்தது மறுநாள், அதிலும் இடம் இருந்தால்.

இப்போது எங்களுக்கு வீட்டில் இருந்து வீட்டுக்கு ஆறு மணி நேரம். அதில் உண்மையாகவே வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம். வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், தமிழகக் கரை கூடவே வரும். கோடியக்கரை தாண்டினால் நடுவில் கடல் 55 கிலோமீட்டர்தான். சில நிமிடத்தில் பனைமரங்களும் வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களும் தெரிய ஆரம்பிக்கும்.

அந்தச் செம்மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பலாலியையும் மயிலிட்டியையும் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களின் வீடும் தோட்டமும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. பலர் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களிலேயே இருந்தார்கள். சொந்த வீட்டுக்கும் முகாமுக்கும் பத்து கிலோமீட்டர்கூட இல்லை, சைக்கிளில் ஒரு மணி நேரம். மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். பத்து கிலோமீட்டரைக் கடக்க 27 வருடம். முகாமில் பிறந்த பிள்ளைகள் கல்யாணம் கட்டி, அவர்களுக்கும் பிள்ளை பிறந்த பிறகுதான் அந்த மண்ணை மிதித்தார்கள். இன்னும் திரும்பாத காணிகள் இருக்கின்றன.

பலாலி ஓடுபாதையை 2,300 மீட்டருக்குக் கொண்டுபோய் ஏ320 ரக ஜெட் இறக்க வேண்டும் என்ற பேச்சு 2019 முதலே இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருபவர்கள் அதை ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள், அதில் எங்கள் உறவுக்காரர்களும் உண்டு. ஆனால் சென்னைத் தடத்துக்கு ஜெட் வந்தால் பயணத்தில் மிச்சமாவது அதிகம் போனால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்காக இன்னொரு குடும்பத்தின் காணியில் ஒரு அடிகூட எடுக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஏற்கெனவே கையில் இருக்கும் நிலத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்யட்டும். அதைவிட ஏடிஆரையே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எல்லா நாளும் விடட்டும். திருச்சியைப் போல மதுரையில் இருந்தும் விடட்டும். விசாவை ஒரே நாளில் கொடுக்கட்டும், இழவுக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்கே கொடுக்கட்டும். இரவு பதினொரு மணிக்குப் போன் வந்தால் மறுநாள் மதியத்துக்குள் சுன்னாகத்தில் இருக்க வழி இருந்தால் எங்கள் வீட்டுக்கு அதற்கு மேல் வேகம் வேண்டாம்.